தன்னைக் காட்டாத குறை

மானிட்டர் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தேடுவது செத்த புள்ளியை. திரை முழுவதையும் கறுப்பாக்கி, பிறகு வெள்ளையாக்கி, எங்காவது ஒரு பிக்சல் எரியாமல் கிடக்கிறதா, அணையாமல் நிற்கிறதா என்று மூக்கு இடிக்கும் தூரத்தில் பார்ப்பார்கள். ஒன்று அகப்பட்டால் போதும், அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு புள்ளியால் வேலைக்குப் பெரிய கெடுதல் இல்லை. முழு எச்.டி. திரையில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஒன்று போனால் போன இடம் தெரியும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதே மானிட்டரில் திரை முழுவதும் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஒருவரும் திருப்பி அனுப்புவதில்லை. அப்படி இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களுக்குப் படம் திருத்திக் கொடுப்பது என் தொழில். பெரும்பகுதி சாமி படக் காலண்டர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவரும் ஊர் இது. அதற்கு முந்தைய மாதங்களில் முருகனும் மீனாட்சியும் கண்ணனும் நாள் முழுக்க என் திரையில் இருப்பார்கள். அப்பா லித்தோ காலத்து ஆர்ட்டிஸ்ட். ஒரு படத்தைக் கண்ணால் பார்த்தே நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் கையால் புள்ளி வைத்தவர். அவருக்கும் படத்துக்கும் நடுவில் திரை என்று ஒன்று இருந்ததில்லை. எனக்கு இருக்கிறது. எந்தத் திரை வழியாகப் பார்ப்பது என்று முடிவு செய்வதே என் வேலையில் பாதி. அந்த வேலை என்னை ஒரு பழைய சமயக் கேள்வியில் கொண்டுபோய் விட்டது: தன் பார்வையில் உள்ள குறையை அதே பார்வையைக் கொண்டு ஒருவர் அறிய முடியுமா?

முடியாது என்பது சைவ சித்தாந்தத்தின் பதில். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் எழுதிய திருவருட்பயனில் 'இருள்மல நிலை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் ஆணவம் என்ற மலத்தை இருள் என்று சொல்லும் அவர், அங்கேயே அதை இருளிலிருந்து பிரித்தும் காட்டுகிறார். உலகத்து இருள் பொருளை மறைக்கும். ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளும். கரண்டு போன அறைக்குள் நுழைகிறவருக்கு எதுவும் தெரிவதில்லை, இருட்டாக இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. அதனால் அவர் விளக்கைத் தேடுகிறார். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தான் மறைப்பதையும் மறைக்கும். அதற்குள் இருப்பவருக்கு விளக்கு வேண்டும் என்றே தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் ஆசிரியர் இந்த இடத்தை நடத்தியபோது என் மனத்தில் வந்து நின்றவை இரண்டு மானிட்டர்கள். ஒன்றில் செத்த புள்ளி, மற்றதில் நீலம் படிந்த வெள்ளை.

நீலம் படிந்த வெள்ளை ஏன் தெரிவதில்லை என்பதற்குக் காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. நிறம் காண்பதற்கு நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. ஒவ்வொரு வகையும் தன் மேல் விழும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் கூர்மையைத் தனியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நீலம் மிகுந்த வெளிச்சத்தில் இருந்தால் நீலத்துக்கான செல்கள் சற்று மந்தமாகும். ஓரிரு நிமிஷத்தில் அந்த நீலத்தையே வெள்ளை என்று மூளை வைத்துக்கொள்ளும். நடுப்பகல் வெயிலிலும் சாயங்காலத்துக் குண்டு பல்பிலும் ஒரே வேட்டி வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். இந்தத் திறமை இல்லாவிட்டால் காலையில் பழுத்திருந்த மாம்பழம் மாலையில் வேறொரு பழமாகத் தோன்றும். உயிர் பிழைப்பதே கஷ்டமாகிவிடும். ஆக, நம்மை ஏமாற்றுவது கண்ணின் கோளாறு அல்ல, கண்ணின் ஆரோக்கியம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஆணவம் என்றால் ஏதோ திமிர், கெட்ட குணம் என்று மேலோட்டமாக எடுத்துக்கொள்கிறோம். உயிர் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் அந்த இயல்பான முயற்சிக்குள்ளேயே மறைப்பு குடியிருக்கிறது என்பதுதான் இன்னும் ஆழமான செய்தி. நன்றாக வேலை செய்யும் கண்தான் நன்றாக ஏமாறுகிறது.

2015 பிப்ரவரியில் ஒரு கவுனின் புகைப்படம் உலகம் முழுவதும் சுற்றியது. சிலருக்கு அது நீலமும் கறுப்புமாகவும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமுமாகவும் தெரிந்தது. துணி உண்மையில் நீலம், கறுப்பு. அந்த அறையின் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று ஒவ்வொரு மூளையும் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்து, அந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டியது. ஒரே குடும்பத்துக்குள் சண்டை வரும் அளவுக்கு இரு தரப்பும் உறுதியாக இருந்தார்கள். தம் மூளை எதையோ கழித்தது என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

இது என் மேசையில் என்ன செய்யும் என்று சொல்கிறேன். நீலம் தூக்கலான திரையில் உட்கார்ந்திருப்பவர் முருகனின் முகத்தைத் தம் நினைவில் உள்ள நிறத்துக்குக் கொண்டுவர மஞ்சளைக் கூட்டுவார். திரையில் சரியாக வந்துவிடும். பிளேட் போட்டு, மை ஏறி, தாள் வெளியே வரும்போது முகம் காமாலை கண்டதுபோல் இருக்கும். கண்ணன் பாடு இதைவிடக் கஷ்டம். திரையில் ஒளிரும் அந்த நீலத்தை சியானும் மெஜந்தாவும் சேர்ந்து தாளில் தர முடியாது. கூட்டக் கூட்ட நீலம் வயலட்டுக்குப் போய்விடும். திரை ஒளியைக் கூட்டி நிறம் செய்கிறது, மை ஒளியை விழுங்கி நிறம் செய்கிறது. இரண்டும் எட்டும் எல்லைகள் வேறு. ஆகவே அழகாகக் காட்டும் மானிட்டர் எனக்கு உதவாது. தாளில் என்ன வருமோ அதை முன்கூட்டியே, வருத்தத்தோடு காட்டுகிற மானிட்டர் வேண்டும். நிறப்பரப்பு அதிகம் என்று சொல்லி விற்கும் திரைகளில், நிறத்தை நிர்வகிக்கத் தெரியாத மென்பொருளில் படத்தைத் திறந்தால், குங்குமம் கத்தும், மீனாட்சியின் பச்சை கண்ணைப் பறிக்கும். பார்ப்பவர் மயங்கிப்போவார். அந்த மயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகத் திரைகள் வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கித் தென்னாட்டு வீடுகளுக்கெல்லாம் சாமி முகம் கொடுத்தவர் கொண்டையராஜு. 1976இல் மறைந்தார். அவர் வழியில் வந்த ஓவியர்கள் கண்ணன் மேனிக்கு வைத்த நீலத்தில் சாம்பலின் அடக்கம் ஒன்று உண்டு. திரை கொடுக்கும் பளபளப்புக்காக அந்த அடக்கத்தைத் துடைத்துவிட்டால், ஓவியர் கும்பிட்ட கண்ணன் போய் வேறு ஒருவர் வந்து நிற்கிறார்.

அறையும் இதில் சேர்த்தி. என் அறைச் சுவர்களுக்குச் சாம்பல் நிறம் பூசச் சொன்னபோது அம்மா, "சாமி வேலை நடக்கிற அறை, மங்கலமா மஞ்சள் பூசக் கூடாதா?" என்று கேட்டாள். மஞ்சள் சுவர் கண்ணுக்குள் மஞ்சளைப் பழக்கிவிடும்; பிறகு படத்தில் உள்ள மஞ்சள் எனக்குக் குறைவாகத் தெரியும். சிவப்புச் சேலை கட்டிய அன்று திரையின் கீழ்ப்பகுதியில் அதன் சாயல் விழுகிறது. அச்சான தாளைப் பார்க்க 5000 கெல்வின் விளக்கு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். இத்தனையும் செய்த பிறகுதான் திரையைப் பற்றிப் பேசவே தகுதி வருகிறது.

ஒரு மானிட்டரை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால்தான் தொல்லை தொடங்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை. ஆனாலும் ஒன்றின் வெள்ளை ரோஜாப் பக்கம் சாயும், மற்றதன் வெள்ளை பச்சைப் பக்கம் சாயும். அதுவரை வெள்ளையாக இருந்தது அந்த நொடியில் வெள்ளையாக இல்லாமல் போகும். இரண்டில் ஒன்றாவது பொய் என்று தெரிந்துவிட்டது. எது என்று தெரியவில்லை. இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம்.

காட்சியளவையைப் பேசும் நம் நூல்கள் ஐயம், திரிபு என்று இரண்டு குற்றங்களைச் சொல்கின்றன. தூரத்தில் நிற்பது கட்டையோ ஆளோ என்று தடுமாறுவது ஐயம். கட்டையை ஆள் என்றே முடிவு செய்துவிடுவது திரிபு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் உள்ள அளவைப் பகுதி இரண்டையும் குற்றமற்ற காட்சியிலிருந்து விலக்குகிறது. இரண்டும் குற்றம்தான், சரி. ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: திரிபிலிருந்து ஐயத்துக்கு வருவது ஏறுமுகம். ஒற்றை மானிட்டர்காரர் திரிபில் நிம்மதியாக இருக்கிறார். இரட்டை மானிட்டர்காரர் ஐயத்தில் தூக்கம் கெட்டு இருக்கிறார். பின்னவர்தான் விளக்குக்கு அருகில் வந்தவர். வகுப்பில் இதைச் சொன்னேன். ஆசிரியர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஐயத்திலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு, எல்லாத் திரையும் பொய் என்று சொல்லிவிட்டு எந்தத் திரையிலும் கவனமாக வேலை செய்யாமல் போகிறவர்கள் உண்டு என்றார். அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். "மெஷின்ல எப்படியும் மாறத்தானே போகுது" என்று சொல்லிக்கொண்டே படத்தை அரைகுறையாக அனுப்புவார்கள்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். மிச்ச நேரத்தில் அவன் அப்பாவின் அச்சகத்துக்குத் தினசரிக் காலண்டர் தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறான். மேசைக்கு மானிட்டர் வாங்க வேண்டும் என்று என்னிடம் வந்தான். கையில் நாலைந்து மாடல்களின் விவரம் இருந்தது.

"அத்தை, இது 144 ஹெர்ட்ஸ். இதுல வளைஞ்ச திரை. எதை எடுக்கட்டும்?"

"நீ என்னத்தைப் பார்க்கப் போற, தம்பி? அதை முதல்ல சொல்லு."

அவன் பார்க்கப்போவது எழுத்து. தினசரித் தாளில் ராகுகாலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் பொடி எழுத்தில் வரும். ஒரு மெய்யெழுத்தின் புள்ளி விழுந்துவிட்டால் சொல் மாறிவிடும். கணக்கு எளிதானது. குறையில்லாத சாதாரணக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும், 60 செ.மீ. தூரத்தில் அது சுமார் 0.17 மி.மீ. 24 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு பிக்சல் 0.28 மி.மீ. அதே எச்.டி.யை 27 அங்குலத்தில் வாங்கினால் 0.31 மி.மீ., எழுத்தின் வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 0.23. 27 அங்குல 4கே என்றால் 0.16, அதாவது கண்ணின் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் எத்தனை புள்ளி சேர்த்தாலும் அந்தத் தூரத்தில் அவன் கண்ணுக்கு அது பெரும்பாலும் போய்ச் சேராது. ஐ.பி.எஸ். பேனல் எடுக்கச் சொன்னேன். வி.ஏ. பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் தலையைச் சாய்த்தால் நிழல்கள் வெளுக்கும். மங்கல் பூச்சுள்ள திரை, உயரம் மாற்றக்கூடிய தாங்கி. ஹெர்ட்ஸும் வளைவும் விளையாடுகிறவர்களுக்கு உதவும்; பஞ்சாங்கத் தாள் நகராது.

இவ்வளவும் பெட்டியில் அச்சிட்டிருப்பதை வைத்துச் சொல்லிவிடலாம். நிறத்தை அப்படிச் சொல்ல முடியாது. கடையில் எல்லா மானிட்டரும் முழு வெளிச்சத்தில், குளிர்ந்த நீல வெள்ளையில் நிற்கும். எது கண்ணைப் பறிக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். எஸ்.ஆர்.ஜி.பி. நிறப்பரப்பில் 99 சதவீதம் என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த எல்லை வரை திரையால் போக முடியும் என்பதற்கு உறுதி. போகச் சொன்ன இடத்துக்குத்தான் போகிறதா என்பதற்கு அது உறுதி அல்ல. ஆகவே அவனிடம் பட்ஜெட்டைக் கேட்டு, அதில் ஒரு பங்கை மீட்டருக்காகக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். கலரிமீட்டர் என்பது திரையில் தொங்கவிடும் சின்னக் கருவி. விலை ஒரு நடுத்தர மானிட்டரின் விலைக்குப் பக்கத்தில் வரும். இப்போதைக்கு என்னுடையதை எடுத்துக்கொள் என்றேன். மீட்டர் வாங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு: நல்ல அச்சகத்தில் நல்ல வெளிச்சத்தில் ஒப்புக்கொண்ட ஒரு தாளை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வது, அவ்வப்போது வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது. எப்படியானாலும் திரைக்கு வெளியிலிருந்து ஒன்று வர வேண்டும்.

அந்த மீட்டர் செய்வதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் சலிப்பதில்லை. திரை ஒவ்வொரு நிறமாகக் காட்டும். மீட்டர் ஒவ்வொன்றையும் அளந்து, கேட்டது என்ன, வந்தது என்ன என்று எழுதிக்கொள்ளும். முடிவில் ஒரு ப்ரொஃபைல் கோப்பு உருவாகும். பலர் அதைத் திரையைச் சரிசெய்யும் மருந்து என்று நினைக்கிறார்கள். அது இந்தத் திரை எங்கெங்கே எவ்வளவு பிசகுகிறது என்ற விவரம். பேனல் மாறுவதில்லை. அதன் பச்சைச் சாய்வு பேனலுக்குள் அப்படியே இருக்கும். விவரம் தெரிந்ததால் கணினி அதற்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்து அனுப்புகிறது. சாய்வு இருந்தும் செயல்படுவதில்லை. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்று சித்தாந்தம் சொல்லும்போது மற்ற மதத்தார் கேட்பார்கள்: அழியாத மலத்தை வைத்துக்கொண்டு அது என்ன விடுதலை? எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் உறுத்தியதில்லை. குறையே இல்லாத பேனலை யாரும் செய்ததில்லை. குறை அறியப்பட்ட பேனலில்தான் நல்ல அச்சு வேலை எல்லாம் நடக்கிறது.

ஆனால் மீட்டரை யார் சரிபார்ப்பது? இதைத்தான் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்டருக்கும் வயதாகும், வடிகட்டிகள் மங்கும். அதைச் சரிபார்க்க மேலான கருவி, அதற்கு மேல் இன்னொன்று என்று போனால் கடைசியில் 1931இல் சி.ஐ.இ. என்ற சர்வதேச அமைப்பு வகுத்த 'தர நோக்கர்' என்ற அட்டவணையில் போய் நிற்கும். நிறம் அளக்கும் கருவிகளுக்கெல்லாம் ஆதாரம் அந்தக் குடும்பத்து அட்டவணைகள்தான். அதற்கு மூலம் 1920களில் இங்கிலாந்தில் ரைட்டும் கில்டும் தனித்தனியே செய்த சோதனைகள். ரைட்டின் சோதனையில் 10 பேர், கில்டின் சோதனையில் 7 பேர். அந்த 17 பேர் விளக்கொளிகளைக் கலந்து பொருத்திப் பார்த்துச் சொன்னதன் சராசரிதான் என் மேசையில் தொங்கும் மீட்டருக்குள் இருக்கும் நீதிபதி. கண்ணை நம்ப முடியாது என்று கருவியிடம் போனேன். கருவிக்குள் திரும்பவும் கண்தான் இருக்கிறது.

இதை ஒரு பெரிய ஏமாற்றமாக வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் திருவருட்பயனில் இரண்டு அதிகாரம் தள்ளிப் புரட்டி 'அருளுரு நிலை'க்கு வந்தார். அருள் ஏன் மனித வடிவில் குருவாக வருகிறது என்பதற்கு உமாபதி சிவம் காட்டும் உவமை அங்கே இருக்கிறது: பழக்கிய விலங்கை முன்னே விட்டு அதன் இனத்தைப் பிடிப்பது. மனிதரைப் பிடிக்க மனிதர் போலத்தான் வர வேண்டும். "வெறும் அலைநீளத்தை அளந்து சொல்ற கருவி உங்களுக்கு என்னம்மா உதவி செய்யும்? உங்களுக்குத் தெரிய வேண்டியது மனுஷக் கண்ணுக்கு எப்படித் தெரியும்ங்கிறது. அப்ப அளவுகோல் மனுஷக் கண்ணாத்தானே இருக்கணும்?" என்றார். நான் குறை என்று நினைத்தது தகுதி என்று ஆகிவிட்டது. ஒளிக்கு நிறமில்லை, ஒளி கண்ணில் விழும்போதுதான் நிறம். கண் இல்லாத அளவுகோல் நிறத்தை அளக்காது.

இருந்தாலும் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. குருவாக வருவது மலமே இல்லாத பதி, அதாவது இறைவன், என்பது சித்தாந்தம். மனித வடிவம் போர்வை. உள்ளே இருப்பது காட்டப்படாமலே காண்பது. அந்த 17 பேரின் கண்களும் என் கண்ணைப் போன்ற கண்கள். அவர்கள் சேர்ந்ததால் ஒருவருடைய பிசகை மற்றவர் ஈடுகட்டினார்கள், அவ்வளவுதான். ஒருவரின் பிசகைப் பலர் சேர்ந்து ஈடுகட்டலாம். எல்லோருக்கும் பொதுவான பிசகு ஒன்று இருந்தால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் சராசரியில் அது அப்படியே நிற்கும். மனிதர் எல்லோருக்கும் பொதுவான மறைப்பைத்தான் ஆணவம் என்கிறார்கள். அதைக் காட்ட மனிதக் கூட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வெளிச்சம் வர வேண்டும் என்ற இடத்தில் மீட்டர் எனக்கு உதவவில்லை. அங்கே நான் நம்பிக்கையில் நிற்கிறேன்.

இத்தனை பாடுபட்டு அனுப்பிய நிறம் கடைசியில் ஒரு வீட்டுப் பூஜை அலமாரிக்குப் போகிறது. நல்லெண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், சாம்பிராணிப் புகை படிந்து, நெற்றியில் குங்குமம் அப்பிய கண்ணனை ஒரு பாட்டி கும்பிடுகிறார். அங்கே தாள் பார்க்கும் 5000 கெல்வினும் இல்லை, திரைக்கு வைக்கும் 6500 கெல்வினும் இல்லை. அப்படியானால் எதற்கு இந்தத் துல்லியம் என்று அச்சகத்தில் என்னைக் கேட்பவர்கள் உண்டு. அந்த விளக்கு பாட்டி ஏற்றியது, அந்தக் குங்குமம் அவர் வைத்தது. தாம் என்ன சேர்க்கிறோம் என்று தெரிந்தே சேர்க்கிறார். என் திரையின் பச்சை அங்கே போய்ச் சேர்ந்தால் அது அவருக்கும் தெரியாது, ஓவியருக்கும் தெரியாது. ஒருவருமே தெரிந்து செய்யாத ஒன்று சாமியின் முகத்தில் இருக்கும். அது எனக்குச் சம்மதமில்லை.

பையன் 27 அங்குலம், 2560×1440, ஐ.பி.எஸ். வாங்கினான். மீட்டரைக் கொண்டுபோய் வைத்து 6500 கெல்வினுக்கு, 120 நிட் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். முடிந்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அத்தை, மஞ்சளடிச்ச மாதிரி இருக்கே. முன்னாடி நல்லா வெள்ளையா இருந்துச்சு."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீலத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை முதலில் அழுக்காகத்தான் தெரியும். மாற்றாமல் வைத்திரு என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு ஒருநாள் தெருவில் பார்த்தபோது, இப்போது மஞ்சள் தெரியவில்லை, சரியாகிவிட்டது என்றான். சரியானதால் மஞ்சள் மறையவில்லை, பழகியதால் மறைந்தது என்று அவனிடம் சொன்னேன். பொய்யான வெள்ளைக்குக் கண் எப்படிப் பழகியதோ அப்படியேதான் இதற்கும் பழகியிருக்கிறது. கண்ணுக்கு நிம்மதியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பேக்லைட் வயதாக ஆக நிறம் நகரும், அப்போதும் கண் கூடவே நகர்ந்துகொண்டு வெள்ளை வெள்ளை என்றே சொல்லும். மாதம் ஒருமுறை வந்து மீட்டரை வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். திரை நன்றாக இருப்பதாகத் தோன்றும் மாதத்திலும்.